வாயில் உட்காரும் சொல்

பாட்டு எழுதுகிறேன் என்று சொன்னால் உடனே இரண்டு கேள்வி வரும். மெட்டுக்கு எழுதுவீர்களா, எழுதியதற்கு மெட்டுப் போடுவார்களா என்பது ஒன்று. இந்தப் பக்கம் எப்படி வந்தீர்கள் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சுலபம், நான் எழுதியதில் பத்துக்கு ஒன்பது மெட்டுக்குத்தான். இரண்டாவதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் வரைக்கும்.

எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டோம், ஆபீஸ்தான். அம்மா காலையில் ஆபீசுக்குப் போய்க் குச்சி அடுக்குவாள், சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவாள். 144 பெட்டி ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கில் என்பதால் கை நிற்கக் கூடாது, கை நிற்காமல் ஓட வேண்டுமென்றால் பாட்டு வேண்டும். தெருவில் நாலைந்து வீட்டுப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்துகொண்டு சினிமாப் பாட்டாகப் பாடித் தீர்ப்பார்கள். பாதி வரி ஞாபகம் இருக்காது. மறந்த இடத்தில் கணக்கப்பிள்ளை, தண்ணீர் வராத தெருக்குழாய், யார் வீட்டுக்கோ வந்த மாப்பிள்ளை என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டு நிரப்பிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். ஒரு இடத்திலும் சந்தம் இடிக்காது. அவர்களில் யாரும் யாப்பு படித்ததில்லை, சிலருக்குக் கையெழுத்துகூடப் போட வராது, ஆனால் நெடில் விழ வேண்டிய இடத்தில் நெடில் விழும். எனக்கு அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவிக் கொடுப்பேன். பாட்டு எழுதும் ஆசை எனக்கு அந்தத் திண்ணையில் வந்ததுதான்.

அம்மாவுக்குப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டு நிறையத் தெரியும், அவர் பெயர் தெரியாது. அவர் 1959-இல் இறந்தபோது வயது 29. அம்மா அதற்கப்புறம்தான் பிறந்தாள். முகம் தெரியாத ஒரு மனிதர் எழுதிய சொல் ஒரு பெண்ணின் கைவேலைக்குத் துணையாக இத்தனை வருஷம் கழித்தும் வந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. இன்றைக்கும் எழுதத் தொடங்கும்போது எனக்குள் இருக்கும் ஆசை அதுதான். பெயர் தெரிய வேண்டாம் என்று சொல்லவில்லை, பெயர் வேண்டும், பணமும் வேண்டும், அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், யாரோ ஒருவர் வேலை செய்துகொண்டே வாய்க்குள் போட்டு உருட்டுகிற மாதிரி ஒரு வரியாவது எழுதிவிட வேண்டும்.

எனக்கு இன்னொரு பள்ளிக்கூடம் கழுகுமலை. எங்கள் ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். பங்குனி உத்திரத்துக்கு மாமா காவடி எடுப்பார், நானும் கூடவே நடப்பேன். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து அந்தக் கழுகுமலை முருகனுக்கு எழுதியதுதான். ஊற்றுமலை ஜமீனின் ஆதரவில் இருந்தவர், 1891-இல் இளம் வயதிலேயே போய்விட்டார். அந்தச் சிந்தைப் புத்தகத்தில் படித்துப் பார்த்தால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு மூச்சு முட்டும். காவடி தோளில் இருக்கும்போது, நூறு பேர் காலும் சேர்ந்து விழும்போது அதே வரியைக் கேட்டால், ஒவ்வொரு எதுகையும் ஒரு காலடி என்று தெரியும். நடப்பவனின் மூச்சை அளந்து எழுதியிருக்கிறார் என்பது புத்தகத்தில் தெரியாது, ரோட்டில்தான் தெரியும். நான் எந்த மெட்டுக்கும் உட்கார்ந்து எழுதுவதில்லை என்பதற்குக் காரணம் இதுதான். மெட்டை போனில் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டு நடப்பேன், விருகம்பாக்கத்திலிருந்து வடபழனி வரை, தேவைப்பட்டால் திரும்பியும்.

2009-இல் சென்னை வந்தேன். வடபழனியில் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலை, அதாவது கம்ப்யூட்டரில் டைப் அடித்துப் பக்கம் அமைப்பது, கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், நினைவஞ்சலி. ராத்திரி கவிதை எழுதுவேன், ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு சாலிகிராமத்தில் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்குவேன். மூன்று வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. கவிதை நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள், அதோடு சரி. நான் காட்டியது கண்ணால் படிக்கிற எழுத்து, அவர்கள் தேடியது வாயால் பாடுகிற எழுத்து என்று யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு வருஷம் மிச்சமாகியிருக்கும். நோட்டைக் காட்டாதீர்கள். நாலு வரியானாலும் ஒரு மெட்டில் பாடி போனில் பதிந்துவைத்துக் கேட்கக் கொடுங்கள், குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

முதலில் கிடைத்தது பக்திப் பாட்டு. ஒரு அம்மன் ஆல்பத்துக்கு ஒரே வாரத்தில் எட்டுப் பாட்டு. சினிமாவுக்கு வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் இளப்பமாகப் பார்ப்பார்கள், எனக்கு அந்த எட்டுப் பாட்டுதான் கை பழக்கியது. அம்மன் பெயர் மாறாது, ஊர்ப் பெயர் மாறாது, அதை நெடிலாக்கவோ குறிலாக்கவோ நமக்கு உரிமை கிடையாது. இருக்கிற பெயரைச் சுற்றித்தான் மற்ற சொல்லைத் தேட வேண்டும். சமயபுரம் என்ற பெயரை எத்தனை விதமான தத்தகாரத்துக்குள், அதாவது தான தன்னா என்று மெட்டின் அளவைச் சொல்லும் அசைகளுக்குள் வைக்கலாம் என்று அந்த வாரம் முழுக்க வாயிலேயே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வரி எப்படிப் பிறக்கிறது, எப்படி மாறுகிறது என்பதற்கு ஒன்றே ஒன்று காட்டுகிறேன். சின்ன பட்ஜெட் படம் ஒன்று. லாரி ஓட்டப் போன புருஷன் பத்து நாளாக வரவில்லை, மனைவி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், அதுதான் சூழல். இசையமைப்பாளர் என்னைவிடச் சின்னவர். போனில் மெட்டு அனுப்பியிருந்தார், பல்லவி முதல் வரி இப்படி:

தான தன்னா தானனா

நான் எழுதிக் கொடுத்தது:

பார்த்திருந்தேன் உன் வழி

எழுத்தெண்ணிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். பாடகி மைக் முன்னால் நின்று நாலு தடவை பாடினார், நாலு தடவையும் ஏதோ ஒன்று சரியில்லை. கடைசி ‘னா’ மேல் ஸ்தாயியில் போய் நாலு எண்ணிக்கை நிற்கிறது. அந்த இடத்தில் நான் வைத்திருப்பது ‘ழி’, குறில். அதை இழுத்தால் ‘வழீ’ என்று ஆகிறது, அப்படி ஒரு சொல்லே தமிழில் கிடையாது. போதாக்குறைக்கு உயரத்தில் போய் ‘ஈ’ என்று நிற்கும்போது அவர் குரலும் ஒடுங்கிப்போகிறது, அழுகை வர வேண்டிய இடத்தில் கீச்சென்று கேட்கிறது. இசையமைப்பாளர் என்னிடம், “அண்ணே, வரி நல்லாத்தான் இருக்கு, கடைசி எழுத்து வாயை மூடிருது” என்றார். எனக்கு அன்றைக்குக் கிடைத்த பாடம் அந்த ஒரு வாக்கியம்தான்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றேன். ‘ஆ’வில் முடிகிற சொல்லாகத் தேடினேன். நிலா, கனா, உலா, எல்லாம் வாய் திறக்கிறது, ஆனால் லாரிக்காரன் மனைவி வாசலில் உட்கார்ந்து கனா உலா என்று பேச மாட்டாள். ஒரு மணி நேரம் போயிருக்கும். தீபாவளிக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்காமல் ஊருக்குப் போகாமல் இருந்த வருஷம் அம்மா போனில் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. “எய்யா, உன்னயப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சுய்யா.” அப்படியே உள்ளே ஓடினேன்.

பார்த்த கண்ணும் பூத்ததா

வாய்விட்டுப் பாடிப் பாருங்கள், தான தன்னா தானனா, ஒரு எழுத்து பிசகாது. கடைசி ‘தா’வில் வாய் முழுசாகத் திறக்கிறது. ‘உன் வழி’ என்று சொல்லாமலே வழி பார்த்தது வந்துவிட்டது, பத்து நாள் வந்துவிட்டது, அவள் ஊர் வந்துவிட்டது, இதெல்லாம் நான் திட்டம் போட்டு வைத்ததில்லை. பாடகி ஒரே டேக்கில் முடித்தார். முடித்துவிட்டு, “சார், எங்க ஆச்சி இப்படித்தான் சொல்லும்” என்றார்.

அதிலிருந்து நான் விடாமல் செய்கிற ஒரு காரியம், மெட்டு வந்ததும் முதலில் பொருளைப் பற்றி யோசிப்பதில்லை. எந்தெந்த எழுத்து நீண்டு நிற்கிறது, எங்கே பாடுகிறவர் மூச்சு எடுப்பார் என்று இரண்டை மட்டும் காகிதத்தில் குறித்துக்கொள்வேன். நீளும் இடத்தில் ஆ, ஓ, ஏ இருந்தால் பாடகருக்குச் சுகம். மெதுவாக இறங்கி முடிகிற இடத்தில் ம், ன் வரலாம், முனகலாக அடங்கும். வேகமான பாட்டில் ட்ட, க்க, ற்ற என்று வல்லினம் இரட்டித்தால் தாளத்துக்குத் தனியாக ஒரு வாத்தியம் கிடைத்த மாதிரி. அதையே தாலாட்டில் போட்டால் குழந்தை முழித்துக்கொள்ளும். தால் என்றால் நாக்கு, நாக்கை ஆட்டிப் பாடுவதால்தான் தாலாட்டு என்று சொல்வார்கள். ஆராரோ ஆரிரரோ என்பதில் வல்லினமே கிடையாது பாருங்கள், எத்தனையோ தாய்மார்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து வழவழப்பானது அது. மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துப் பாடுகிற பாட்டென்றால் வரி ‘ப’வில் தொடங்குவதைத் தவிர்க்கப் பார்ப்பேன், காற்று வந்து முட்டும்.

மூச்சு எடுக்கும் இடத்தில் சொல் உடையக் கூடாது. இதற்கு இலக்கணத்தில் வகையுளி என்றே பெயர் இருக்கிறது, சீருக்காகச் சொல்லைப் பிளப்பது. செய்யுளில் அதற்கு இடம் உண்டு, படிக்கிறவர் கண்ணால் சேர்த்துக்கொள்வார். பாட்டில் காது காத்திருக்காது. ‘தாமரை’யை ‘தா’ என்று நிறுத்திவிட்டு இரண்டு எண்ணிக்கை கழித்து ‘மரை’ என்றால் கேட்பவருக்குத் தாமரை வருவதே இல்லை. எழுதும்போது நமக்குச் சொல் தெரியும் என்பதால் இது கண்ணில் படாது. அதனால் பாட்டை எழுதி முடித்ததும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம், எங்கள் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கும் அண்ணனிடம்தான் பெரும்பாலும், காகிதத்தைக் காட்டாமல் பாடிக் காட்டி என்ன கேட்டது என்று திரும்பச் சொல்லச் சொல்வேன். அவர் தப்பாகச் சொன்ன இடமெல்லாம் என் தப்பு.

ஒரு மெட்டுக்கு ஒரு பல்லவியோடு போகாதீர்கள். நான் குறைந்தது ஐந்து எடுத்துப்போவேன். முதல் இரண்டு எல்லோருக்கும் தோன்றுவதாக இருக்கும், அதை எழுதித் தள்ளினால்தான் அடுத்தது வரும். மூன்றாவது நான்காவதில் ஏதாவது ஒன்று பிழைக்கும். ஐந்தாவது பல தடவை அறிவாளித்தனமாகப் போய்விடுகிறது, அதையும் காட்டுவேன், ஏனென்றால் இயக்குநர் மனசில் என்ன இருக்கிறது என்பது அவர் எதை வேண்டாம் என்கிறார் என்பதில்தான் தெரியும். விட்ட பல்லவிகளைத் தூக்கிப் போடாமல் தேதி போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் இன்னொரு மெட்டுக்கு அதை அப்படியே எடுத்து வைத்து ஒருநாளும் எடுபட்டதில்லை, ஒரு சொல்லோ ஒரு எதுகையோதான் உதவும்.

ஒன்றும் வராத காலமும் உண்டு. 2017-இல் ஏழெட்டு மாதம் ஒரு வரி ஓடவில்லை. அந்தச் சமயத்தில் என்னைக் காப்பாற்றியது அச்சக வேலைதான், சம்பளத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நினைவஞ்சலி நோட்டீஸ் அடிக்க வருகிறவர்கள் தங்கள் அப்பாவைப் பற்றி, அண்ணனைப் பற்றி இரண்டு வரி எழுதி எடுத்து வருவார்கள். பிழையோடுதான் இருக்கும், ஆனால் ‘எங்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த கை’ என்று ஒரு தாளில் எழுதி வந்திருந்ததை டைப் பண்ணும்போது எனக்குக் கை நின்றுவிட்டது. பாட்டெழுதப் போகிறேன் என்று வேலையை விடுகிற தம்பிகளிடம் நான் அவசரப்படாதே என்று சொல்வது இதனால்தான். மனிதர்கள் பேசுகிற இடத்தில் இருந்துகொண்டே இருக்க வேண்டும், அறைக்குள் உட்கார்ந்தால் சீக்கிரமே நம் பழைய வரிகளையே நாம் திரும்ப எழுத ஆரம்பித்துவிடுவோம்.

அப்புறம் பணம். இதைப் பேச நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள், கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டே ஏமாறுகிறார்கள். என் முதல் தனிப்பாடலுக்கு 3,000 ரூபாய் கையில் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும், எல்லா நாட்டுக்கும் என்று ஒரே பத்தி. படித்துப் பார்த்தேன், புரியவும் செய்தது, ஆனாலும் போட்டேன், வாய்ப்பு போய்விடுமோ என்ற பயம். பாட்டு வெளியானபோது என் பெயரே இல்லை. கேட்டதற்கு, இடம் இல்லை என்றார்கள். நாலு நாள் தூக்கம் வரவில்லை. பணத்தைவிட, அந்த வரிகளை நான்தான் எழுதினேன் என்று என் அம்மாவிடம் காட்ட ஒன்றும் இல்லையே என்பதுதான் வலித்தது.

அதற்குப் பின்னால்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். 1957-ஆம் வருஷத்துக் காப்பிரைட் சட்டத்தை 2012-இல் திருத்தினார்கள், அந்த வருஷம் ஜூன் 21-இல் நடைமுறைக்கு வந்தது. சினிமாப் பாட்டென்றால், தியேட்டரில் படத்தோடு சேர்த்து ஓடுவதைத் தவிர டிவி, ரேடியோ, ஆன்லைன், மேடை என்று வேறு எந்த வழியில் பயன்பட்டாலும் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. முக்கியமான விஷயம், அந்தப் பங்கை நாமே நினைத்தால்கூட தயாரிப்பாளருக்கோ கம்பெனிக்கோ விட்டுக்கொடுக்க முடியாது, வாரிசுகளுக்கோ ராயல்டி வசூலிக்கும் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம். விட்டுக்கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அந்த வரி செல்லாது. சினிமா அல்லாத தனிப்பாடலுக்கும் இதே மாதிரி பாதுகாப்பு இருக்கிறது. உரிமையை எழுதிக் கொடுக்கும் தாளில் காலம் குறிப்பிடாமல் விட்டிருந்தால் சட்டப்படி அது 5 வருஷம்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். எழுதியவர் காலத்துக்கு அப்புறம் 60 வருஷம் வரை காப்பிரைட் நிற்கும், பிள்ளைகளுக்குப் போகும். எழுதி முடித்த அந்த நிமிஷமே உரிமை வந்துவிடுகிறது, பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் நான்தான் எழுதினேன் என்று காட்ட ஏதாவது இருக்க வேண்டும். நான் வரிகளை ஒவ்வொரு திருத்தத்தின்போதும் எனக்கே மெயில் அனுப்பிக்கொள்கிறேன், இசையமைப்பாளரோடு பேசிய வாட்ஸ்அப் குரல்பதிவுகளை அழிப்பதில்லை.

வசூலிக்கும் சங்கம் என்றேன் அல்லவா, இந்தியாவில் அது ஐ.பி.ஆர்.எஸ். (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி), 1969-இல் தொடங்கியது. பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் எல்லோரும் சேரலாம். சேர்ந்ததோடு வேலை முடிந்துவிடாது, ஒவ்வொரு பாட்டையும் பெயர், இசையமைப்பாளர், படம் எல்லாம் சரியாகப் போட்டுப் பதிய வேண்டும். பெயரில் ஒரு எழுத்து மாறினால்கூட யாருடைய பாட்டு என்று குழப்பம் வரும். அதனால் புனைபெயர் ஒன்று வைத்தால் எல்லா இடத்திலும் அதே எழுத்துக்கூட்டலில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதித் தரும் முன்னாலேயே பெயர் எங்கே, எப்படி வர வேண்டும் என்று ஒரு வரி மெயிலில் கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்டதற்காக வாய்ப்பு போனதாக எனக்கு இதுவரை ஒரு தடவைகூட நடந்ததில்லை. கேட்காமல் விட்டதால் போனது உண்டு.

லாரிக்காரன் மனைவி படம் ஒரு வாரம்தான் ஓடியது. பாட்டு மட்டும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்தது, போன வருஷம் அதற்கும் இன்னும் சில பாட்டுக்கும் சேர்த்து 2,716 ரூபாய் வந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் எழுதி முடித்துக் கொடுத்த பாட்டு திரும்பவும் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறது என்பது தனிச் சந்தோஷம். அதை எடுத்துக்கொண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அம்மா இப்போது ஆபீசுக்குப் போவதில்லை, முட்டி வலி. இது எந்தப் பாட்டுக்கு வந்த காசு என்று கேட்டாள். திண்ணையில் உட்கார்ந்து பாடிக் காட்டினேன். இரண்டாவது தடவை அவளும் சேர்ந்துகொண்டாள், நடுவில் நிறுத்தி, “பூத்ததா இல்லய்யா, பூத்துதா” என்றாள். நான் எழுதியதுதான் அப்படி என்றேன். அவள் கேட்கவில்லை, அடுக்களைக்குள் போனபோதும் ‘பார்த்த கண்ணும் பூத்துதா’ என்றுதான் பாடிக்கொண்டு போனாள். சந்தம் இடிக்கவில்லை.